கேமிங் சிஸ்டம்: நாமே பூட்டுவதா, பூட்டியதை வாங்குவதா?

எனக்குத் தொழில் வீட்டு வயரிங். திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவியில் இருந்துகொண்டு முக்கூடல், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று பைக்கில் சுற்றுகிற ஆள். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்த கூட்டம் ஒன்று உண்டே, அதில் ஒருவன். அந்தக் கிறுக்கு இன்னும் போகவில்லை. 2021-இல் எனக்கென்று ஒரு கேமிங் சிஸ்டம் ரெடிமேடாக வாங்கினேன். 2024 ஆவணியில் அக்கா மகனுக்குப் பாகம் பாகமாக வாங்கி நாங்களே பூட்டினோம். அதிலிருந்து யார் வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போனாலும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "எது அண்ணாச்சி லாபம்?"

லாபக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நான் முதலில் திருப்பிக் கேட்பது, "கெட்டுப்போனால் யார் திறப்பா?" சென்னையில் இருப்பவனுக்கு ரிச்சி தெரு இருக்கிறது; பழுதான பாகத்தைப் பையில் போட்டு பஸ் ஏறினால் சாயங்காலம் வேலை முடியும். நமக்கு அப்படியில்லை. பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் நல்ல கடைகள் இருந்தாலும், வாரண்டி என்று வந்துவிட்டால் பாகம் எங்கோ பார்சலில் போய்த் திரும்ப வேண்டும். போவது ஒரு பாகமா, மொத்தப் பெட்டியுமா என்பதில்தான் வாங்குவதற்கும் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது.

என் கதையைச் சொன்னால் புரியும். 2021-இல் கிராஃபிக்ஸ் கார்டு தனியாகக் கிடைக்கவே இல்லை. சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ மைனிங் செய்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போனது இன்னொரு பக்கம். கிடைத்த ஒன்றிரண்டும் யானை விலை. ஆனால் முழு சிஸ்டம் விற்பவர்களிடம் கார்டு இருந்தது. அதனால் ரைசன் 5 3600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 16 ஜிபி ரேம் என்று எழுதியிருந்த ஒன்றை 92,000 ரூபாய்க்கு ஆன்லைனில் எடுத்தேன். அன்றைக்கு அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

2023 ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் இடி இடித்தது. வெளியே வேலையாக இருந்தேன், பிளக்கைப் பிடுங்க ஆளில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சிஸ்டம் செத்துக் கிடக்கிறது. உள்ளே பாகங்களுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்தான் போயிருக்கும் என்று என் கைக்கே தெரிகிறது. திறக்க முடியாது, ஸ்க்ரூவின் மேல் 'கிழித்தால் வாரண்டி கிடையாது' ஸ்டிக்கர். ஆயிரக்கணக்கில் பெறுகிற ஒரு சாமானுக்காகப் பதினைந்து கிலோப் பெட்டியைத் தெர்மாகோல் வைத்துக் கட்டி அனுப்பினேன். 23 நாள். திரும்பி வந்ததிலும் அதே மாதிரிப் பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ். அன்றைக்கே ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டேன்.

உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தது. இரண்டு எட்டாகப் போட்டிருந்தால் மெமரி இரண்டு வழியில் ஓடும். ஒற்றைக் குச்சியில் ஒரு வழிதான், கேம் திக்கித் திக்கி நிற்பது இதனாலும் வரும். 3200 வேகம் என்று எழுதிய ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டம் கிளம்பும்போதே ஓடுகிற பயோஸ் என்கிற அடிப்படை மென்பொருளில், ரேமை முழு வேகத்தில் ஓட வைக்க எக்ஸ்எம்பி என்று ஒரு அமைப்பு உண்டு, அதை யாரும் ஆன் செய்யவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று போக வழியில்லாமல் மூன்று கலர் ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு எட்டு ஜிபி அல்ல, அதே மாதிரி 16 ஜிபி குச்சி ஒன்றை வாங்கிச் சொருகி, பயோஸில் அந்த ஒரு வரியை மாற்றியதும் அதே சிஸ்டம் வேறு சிஸ்டமாக ஓடியது. இரண்டு வருஷம் வீணாக ஆடியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் மருமகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. முக்கூடலில் அக்கா பீடி சுற்றிப் போட்ட சீட்டு விழுந்திருந்தது. "படிப்புக்கு ஆகும்னா வாங்கிக் குடு" என்று 70,000-ஐ என் கையில் கொடுத்துவிட்டாள். பயல் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, 68 ஆயிரத்துக்கு முழு சிஸ்டமே போட்டிருக்கான். நாம ஏன் கடை கடையா அலையணும்?"

"ஏல, எஸ்எம்பிஎஸ் என்னன்னு போட்டிருக்கானா பாரு."

"500 வாட்னு போட்டிருக்கு."

"கம்பெனி?"

"அது போடல மாமா."

இதுதான் முதல் பாடம். ரெடிமேட் விளம்பரத்தில் எது பெரிதாக எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். எது எழுதாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். பிராசசர் பேரும் கார்டு பேரும் கொட்டை எழுத்தில் இருக்கும். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு மாடல், ரேம் எத்தனை குச்சி, எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி என்ன கம்பெனி என்கிற நாலும் இருக்காது. காசு மிச்சம் பிடிப்பது அந்த நாலில்தான். பேர் இருந்தாலும் முழுப் பேர் கேட்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் 8 ஜிபி ஒன்று, 2024-இல் வந்த 6 ஜிபி ஒன்று. பின்னது மெதுவானது, ஆனால் விளம்பரத்தில் இரண்டும் '3050' தான். 'ஐ7 கேமிங் பிசி, 25,000 மட்டும்' என்று வருகிறதே, அதில் பெரும்பாலும் இருப்பது பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய ஐ7. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் பெரும்பாலானதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

சரி, நாங்கள் என்ன செய்தோம். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அந்த 68,000 சிஸ்டத்தில் இருப்பதையும் வலப்பக்கம் தனித்தனியாக வாங்கினால் ஆகும் விலையையும் எழுதினோம். ரைசன் 5 5600 பிராசசர் 11,200. பி550 மதர்போர்டு 9,800. எட்டும் எட்டுமாக ரேம் 3,600. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 28,500. ஒரு டிபி எஸ்எஸ்டி 5,600. 650 வாட், பிரான்ஸ் (Bronze) தர எஸ்எம்பிஎஸ் 5,200. முன்பக்கம் வலை வைத்த கேபினெட் 3,900. மொத்தம் 67,800. மானிட்டர் ஏற்கெனவே இருந்தது. ஆக விலை ஒன்றுதான், இருநூறு ரூபாய் வித்தியாசம். ஆனால் அவர்கள் சிஸ்டத்தில் ரேம் ஒற்றைக் குச்சி, எஸ்எஸ்டி 512 ஜிபி, எஸ்எம்பிஎஸ் அநாமதேயம். பூட்டினால் பாதி விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே காசுக்கு உள்ளே கிடப்பது என்ன என்று தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள், அன்றைய விலையில். பழைய விலையில் போட்டால் தப்பாகும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் இழுத்துக்கொண்டதால் ரேம் விலை எகிறிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், பழைய ஸ்டாக்கை வைத்துப் பூட்டி வைத்திருக்கிற கடைக்காரரின் ரெடிமேட் சிஸ்டம் மலிவாகவே இருக்கும். 2021-இல் கார்டுக்கு நடந்தது இதேதான். தனிப் பாகங்களின் கூட்டுத்தொகையை விட ரெடிமேட் குறைவாக இருந்து, நான் சொன்ன அந்த நாலு பாகத்தின் விவரமும் எழுத்தில் கிடைத்தால், யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். மூன்று நாலு ஆயிரம் கூட இருந்தாலும், வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க யாருமில்லை என்றால் வாங்கலாம். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம், லேப்டாப்தான்.

பெரிய கம்பெனிகளின் பிராண்டட் சிஸ்டத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. சிலவற்றில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுக்கென்றே செய்த அளவில் இருக்கும். பின்னால் பெரிய கார்டு போட ஆசைப்பட்டால் கடையில் கிடைக்கிற எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காராது. வாங்குமுன் ஏடிஎக்ஸ் என்கிற பொது அளவா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, நம் ஊருக்கு அதுதான் தோது. பாகங்களை நீங்கள் தேர்வு செய்து, உள்ளூர்க் கடையில் கொடுத்து, கண் முன்னால் பூட்டச் சொல்வது. கடையிலேயே எல்லாம் எடுத்தால் கூலி வாங்காமலே செய்து தருகிறவர்கள் உண்டு. இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். பிராசசர் அட்டைப்பெட்டியோடு வர வேண்டும். பெட்டியில்லாமல் தட்டில் வருவது கொஞ்சம் மலிவு, ஆனால் பெட்டிப் பிராசசருக்கு உள்ள மூன்று வருஷ வாரண்டி அதற்குக் கிடைக்காமல் போகும். கடைக்காரர் "கேமிங் சிபியு" என்று மொத்தப் பெட்டியையும் சொல்வார், நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். பில்லில் மட்டும் அந்த ஒற்றை வார்த்தை இருக்கக் கூடாது.

இனி என் தொழில். வாங்கினாலும் பூட்டினாலும் இது பொருந்தும், யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு லேபிளில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா, 200-240 என்று இருக்கிறதா பாருங்கள். சித்திரை வைகாசியில் சாயங்காலம் எல்லாரும் ஏசி போடும்போது எங்கள் தெருவில் 180-க்கு இறங்குகிறது. முதல் வகை அதையும் தாங்கும், ஸ்டெபிலைசரே வேண்டாம். இரண்டாவது வகை கேம் நடுவில் அணைந்துவிடலாம். கார்டில்தான் கோளாறு என்று நினைத்துக் கார்டை மாற்றிய ஆளை எனக்குத் தெரியும்.

அடுத்தது எர்த். கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருசுருவென்று வருகிறதா? பெரும்பாலும் சிஸ்டத்தில் கோளாறு இல்லை, உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே நுழைகிற இடத்தில் இருக்கும் சின்னக் கபாசிட்டர்கள் வழியாகக் கசிகிற மின்சாரம் எர்த்தில் இறங்க வேண்டும். வழியில்லாவிட்டால் தகரத்தில் நிற்கும், நீங்கள் தொட்டதும் உங்கள் வழியாக இறங்கும். வயரிங் ஆளைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டுகிற வோல்ட்டே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறையக் காட்ட வேண்டும். 70,000 சிஸ்டத்தை 150 ரூபாய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுகிறவர்களை தினமும் பார்க்கிறேன்.

இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் கரண்ட் மாறுகிற நொடியில் அணைந்துவிடும். ஐப்பசி கார்த்திகை இடிக்கு பிளக்கோடு சேர்த்து நெட் வயரையும் பிடுங்க வேண்டும். அதன் வழியாகவும் வரும். அப்புறம், பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் தரைத்தள வீடுகளில் நான் கழற்றிப் போட்ட சுவிட்ச் பாக்ஸுக்கு அளவில்லை, பக்கத்திலேயே சேறு குடித்த சிபியுக்கள். ஆடிக்காற்றின் செம்மண்ணும் தரையில்தான் அதிகம் ஏறும்.

பூட்டுவதே பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு: அது மூன்று மணி நேர வேலை, பொறுமை இருந்தால் போதும். நாங்கள் அக்கா வீட்டுத் திண்ணையில், ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். பிராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டில் உள்ள முக்கோணமும் ஒரே பக்கம் வந்தால் அது தானாக இறங்கும், அழுத்தவே கூடாது. எங்கள் ரைசன் 5600 பிராசசரின் அடியில் ஊசி மாதிரிக் கால்கள், ஒன்று வளைந்தாலும் வம்பு. ரேமும் 24 பின் வயரும் நேர் எதிர், பயம் வருகிற அளவுக்கு அழுத்தினால்தான் சொருகும். நாலு ரேம் துளை இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டும் நாலும். மதர்போர்டின் துளைகளுக்கென்று கேபினெட்டில் மாட்டுகிற பின்பக்கத் தகட்டை முதலில் மாட்டாமல் விட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி மறுபடி பூட்டினோம். எல்லாரும் செய்கிற தப்பாம்.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் மூன்று பேர் முகத்திலும் ரத்தமில்லை. அக்கா உள்ளே போய் விளக்கேற்றிவிட்டாள். கடைசியில் பார்த்தால் மருமகன் மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகியிருக்கிறான். 5600-இல் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது, வயர் கார்டில்தான் போக வேண்டும். மாற்றிச் சொருகியதும் வந்தது. உடனே பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி. விண்டோஸ் போட்டபின் டிஸ்பிளே அமைப்பில் 60-இல் நின்ற மானிட்டரை 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் 60-இல் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாலரன்ட் ஆடுவதாக இருந்தால் விண்டோஸ் 11-இல் டிபிஎம், செக்யூர் பூட் (Secure Boot) என்கிற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும், அதுவும் பயோஸில்தான்.

போன தை மாதம் எஸ்எஸ்டி தகராறு செய்தது. அதை மட்டும் கழற்றி, அதன் சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து பில் நகலோடு கூரியர் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி மருமகன் அன்றைக்கே வேலையைத் தொடர்ந்தான். அதனால் எல்லாப் பெட்டிகளையும் பத்திரமாகப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறோம். கேபினெட் வந்த பெரிய பெட்டியை மட்டும் அக்கா தரவில்லை, அதில் பழைய சேலைகள் இருக்கின்றன.