பவுண்ட்: ஒரே ஸ்பெல்லிங்கில் மூன்று சொற்கள், பிரித்துப் படிப்பது எப்படி

பவுண்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடினால் எடை, பிரிட்டிஷ் பணம், தெருநாய்களை அடைத்து வைக்கும் இடம், உரலில் இடிப்பது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது, அமெரிக்காக்காரர்களின் ஃபோனில் ஹேஷ் பட்டன் என்று வரிசையாக வரும். பள்ளிப் பிள்ளைகளை இந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அங்கே இருப்பது மூன்று தனித்தனிச் சொற்கள், காலப்போக்கில் உச்சரிப்பும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். அதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், சொல்லின் பிறப்பைச் சொல்லும் அகராதி வேண்டும். எட்டிமான்லைன் இணையதளம் இலவசம், மெரியம் வெப்ஸ்டரும் இலவசம்தான். தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள், அதைக் கவனியுங்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் ஒரே வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும்கூட சில அகராதிகள் தனித்தனி எண் கொடுக்கும். அதனால் அர்த்தத்தைப் படிக்கும் முன் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே உள்ள சொல்வரலாற்றைப் படித்து, எது எதற்குச் சொந்தம் என்று ஒரு தாளில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

பவுண்டுக்கு இப்படிச் செய்தால் மூன்று குடும்பம் கிடைக்கும். முதல் குடும்பம் லத்தீன். லிப்ரா போண்டோ என்றால் "எடையில் ஒரு லிப்ரா" (லிப்ரா என்பது ரோமானியர்களின் எடை அளவு). இதில் போண்டோ என்ற பாதியை ஜெர்மானிய மொழிகள் மிகப் பழங்காலத்திலேயே கடன் வாங்கின, ஜெர்மனில் அது ஃபுண்ட், ஆங்கிலத்தில் பவுண்ட். லிப்ரா என்ற மறுபாதி சுருக்கெழுத்தில் மாட்டிக்கொண்டது. பவுண்ட் என்று வாசித்துக்கொண்டே எல், பி என்று எழுதுகிறார்களே, அந்த இரண்டு எழுத்தும், பிரிட்டிஷ் பணத்துக்குப் போடும் குறுக்குக் கோடு போட்ட எல் எழுத்தும் லிப்ராவிலிருந்து வந்தவைதான்.

இரண்டாவது குடும்பம் பழைய ஆங்கிலம்: பிடிபட்ட கால்நடையை அடைக்கும் பட்டி. அதற்கு முந்தைய வேர் தெரியவில்லை என்றே அகராதிகள் சொல்கின்றன. வண்டியைப் பறிமுதல் செய்வதைக் குறிக்கும் இம்பவுண்ட் இதன் பிள்ளை, குளம் என்ற அர்த்தம் உள்ள பாண்ட் இதே சொல்லின் இன்னொரு வடிவம் (தண்ணீரை அடைத்து வைத்தால் குளம்). இந்த பவுண்ட் நம் ஊருக்கும் வந்தது. 1871-ஆம் வருட கால்நடை அத்துமீறல் சட்டத்தின் கீழ், வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் போய் அடைத்த இடத்தைக் கிராமத்தில் பவுண்டு என்றே சொன்னார்கள், பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவது, இடிப்பது. இதுவும் பழைய ஆங்கிலம்தான், ஆனால் அங்கே இதன் வடிவம் பூனியன். கடைசியில் டி கிடையாது, அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒலியைக் குறிக்கும் சவுண்ட் என்ற சொல்லிலும் இதேபோல இல்லாத டி வந்து சேர்ந்திருக்கிறது. அந்த டி ஒட்டியதால்தான் இடிக்கும் சொல்லும் எடைச் சொல்லும் ஒரே மாதிரி ஆயின. நாய்களை அடைக்கும் இடத்துக்கு பவுண்ட் என்று பெயர் வந்தது அங்கே அடிப்பதால் என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள், இரண்டும் வேறு வேறு குடும்பம்.

அடுத்த வேலை, ஒரு குடும்பத்துக்குள் அர்த்தம் எப்படி நகர்ந்தது என்று தொடர்வது. இடிப்பதில் இது சுலபம்: உரலில் இடிப்பது, கையால் குத்துவது, நெஞ்சு அடித்துக்கொள்வது, அலை மோதுவது எல்லாம் ஒரே அசைவு. எடைக் குடும்பம்தான் சுவையானது. ஒரு பவுண்ட் வெள்ளியிலிருந்து 240 பென்னி என்பது பழைய கணக்கு, அதிலிருந்து 240 பென்னி சேர்ந்த தொகைக்கே பவுண்ட் என்று பெயர் வந்தது. அந்தக் கணக்கு 1971 வரை நீடித்தது, அதற்குப் பிறகுதான் 100 பென்னி. நடுவில் 1817-இல் ஒரு பவுண்ட் மதிப்புக்கு சாவரின் என்ற தங்கக் காசு அடித்தார்கள், அதன் எடை சுமார் 7.98 கிராம், 22 காரட். இப்போது நகைக்கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு பவுன் என்றால் 8 கிராம், அதையே சவரன் என்றும் சொல்கிறோம். பவுன் என்பது பவுண்ட், சவரன் என்பது சாவரின், இரண்டும் அந்த ஒரே காசின் பெயர்கள். எடையாக இருந்தது பணமாகி, பணம் காசாகி, அந்தக் காசு தமிழில் மறுபடியும் எடையாகிவிட்டது! அதனால்தான் 453.59 கிராம் உள்ள பவுண்டுக்கும் 8 கிராம் உள்ள பவுனுக்கும் கணக்கு ஒத்துப்போவதே இல்லை. இலங்கைத் தமிழர்கள் எடை பவுண்டுக்கு அரபியிலிருந்து வந்த இறாத்தல் என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள், ஒரு இறாத்தல் பாண் (ரொட்டி) என்று கேட்டு வாங்குவார்கள், அங்கே இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அர்த்தங்களின் வரிசையைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மெரியம் வெப்ஸ்டர் பழைய அர்த்தத்தை முதலில் வைக்கும், மாணவர்களுக்கான அகராதிகள் அதிகம் புழங்குவதை முதலில் வைக்கும். இரண்டையும் கலந்து படித்தால் எது எதிலிருந்து வந்தது என்பது தலைகீழாகத் தெரியும். பொருள் தெரிய மாணவர் அகராதி, வரலாறு தெரிய மற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நீங்களே செய்து பார்க்க ஒரு சொல்: கேஷ். இதில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று, பெட்டி என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு, இத்தாலியன் வழியாக வந்த ரொக்கம். மற்றது நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்துக்குக்கூடப் பெயரானது. அகராதியில் எந்த எண்ணுக்குக் கீழே தமிழ் என்று போட்டிருக்கிறது என்று தேடி, அதன் அர்த்தங்களைத் தனியாக எழுதுங்கள். அது முடிந்ததும் பே என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குப் போங்கள். வளைகுடா, பிரியாணி இலை வகை, குதிரையின் நிறம், வேட்டை நாயின் குரைப்பு எல்லாம் அதில் இருக்கின்றன, பிரிக்கக் கொஞ்சம் பெரிய தாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.