சின்னம் காட்டாத விளம்பரம்: பென்சில்வேனியா டிவி ஆட் பாத்து ஓட்டு எங்க சாயுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

2024 அக்டோபர்ல என் மாமனார் ஊர்ல இருந்து வந்து எங்ககூட ரெண்டு மாசம் இருந்தாரு. நாங்க இருக்குறது அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம், நார்த்தாம்ப்டன் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), பெத்லஹேம் பக்கம். சாயங்காலம் நியூஸ் போட்டா நியூஸ விட எலக்‌ஷன் விளம்பரம்தான் ஜாஸ்தி, ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, நடுவுல ஒரே ஒரு மாத்திரை விளம்பரம். நாலஞ்சு நாள் பொறுமையா பாத்துட்டு ஒரு நாள் கேட்டாரு, "ஏன் மாப்ள, இவ்ளோ நேரமா பாக்குறேன், ஒருத்தரும் சின்னத்த காட்டலயே? எந்தக் கட்சின்னு கூட வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறாங்களே?" எனக்கு சுருக்குன்னுச்சு. இத்தன வருஷமா இதே விளம்பரங்கள பாத்துட்டு இருக்கேன், இந்தக் கேள்விய நான் கேட்டதே இல்ல.

நம்ம ஊர்ல சின்னத்த காட்டுறது நம்ம ஆள் தடுமாறாம நம்ம பட்டன்ல கை வெக்கணும்னு. இங்க கட்சி பேர மறைக்கிறது எதுக்குன்னா, எதிர்க்கட்சிக்கு பழகுன ஆள் ஓட்டும் வேணும், கட்சி பேர கேட்ட உடனே அவரு சேனல மாத்திடக் கூடாது. அதனால விளம்பரம் உங்கள மாத்துதா இல்லையாங்குறத ஓரமா வெச்சுட்டு, அது யார தேடி வருதுன்னு பாருங்க. யார் மனசு ஆடிக்கிட்டு இருக்குன்னு கட்சிக்காரங்க நினைக்கிறாங்களோ அவங்க முகவரிதான் அந்த 30 செகண்ட்ல இருக்கு. புதுசா சிட்டிசன் ஆன நண்பர்கள் நெறைய பேர் "டிவிய தொறந்தாலே தல வலிக்குது, எத நம்புறது"ன்னு கேக்குறாங்க, அவங்களுக்காக நான் செய்யுற முறைய அப்படியே எழுதுறேன்.

முதல்ல எவ்ளோ மெல்லிசான இடம் இதுன்னு புரிஞ்சுக்கோங்க. 1992ல இருந்து 2012 வரைக்கும் ஆறு அதிபர் தேர்தல்லயும் பென்சில்வேனியா டெமாக்ரட் பக்கம். 2016ல ரிபப்ளிகன் டிரம்ப் சுமார் 44,000 ஓட்டுல ஜெயிச்சாரு, 2020ல டெமாக்ரட் பைடன் சுமார் 80,000 ஓட்டுல, 2024ல மறுபடி டிரம்ப் சுமார் 1,20,000 ஓட்டுல. 60, 70 லட்சம் ஓட்டு விழுற மாநிலத்துல இது ஒரு பெரிய ஸ்டேடியம் ரெண்டு ஸ்டேடியம் கூட்டம்தான், ஆனா அதுலதான் 2024 கணக்குப்படி அதிபர தேர்ந்தெடுக்குற 19 எலக்டோரல் ஓட்டு இருக்கு, அதுக்காகத்தான் இவ்ளோ பணம் கொட்டுது.

இப்ப விளம்பரம் ஓடும்போது செய்ய வேண்டியது. மியூட் போடாதீங்க. கடைசி நாலு செகண்ட பாருங்க. மத்திய அரசுப் பதவிக்கு நிக்குற வேட்பாளரே குடுத்த விளம்பரம்னா "இந்த செய்திக்கு நான் ஒப்புதல் தர்றேன்"னு அவரு வாயாலயே சொல்லணும், எழுத்துலயும் குறைஞ்சது 4 செகண்ட் நிக்கணும், 2002ல வந்த மெக்கெயின் ஃபைன்கோல்ட் சட்டம் அது. அவரு குரல் இல்லாம வேற யாரோ "இந்த விளம்பரத்தின் உள்ளடக்கத்துக்கு இந்த அமைப்பே பொறுப்பு"ன்னு சொன்னா அது வெளி அமைப்பு, பெரும்பாலும் சூப்பர் பேக் (வேட்பாளரோட சேராம தனியா எவ்ளோ வேணா செலவு பண்ற அமைப்பு), 2010ல சிட்டிசன்ஸ் யுனைட்டட்ங்குற சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் வந்த வழி. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம் ஏன்னா வேட்பாளரோட விளம்பரத்த சேனல்காரங்க வெட்டவோ திருத்தவோ சட்டப்படி முடியாது, உள்ள பொய் இருந்தாலும் அப்படியே ஓட்டணும். வெளி அமைப்பு விளம்பரத்த மட்டும் சேனல் வேண்டாம்னு சொல்லலாம். "டிவில வந்துச்சு, அப்ப செக் பண்ணித்தானே போட்டிருப்பாங்க"ன்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க. வேட்பாளர் விளம்பரத்துல அப்படி யாரும் வடிகட்டி குடுக்குறது இல்ல, அந்த வேல நம்மளோடது.

அடுத்து ஒரு நோட்டுல மூணே விஷயம் எழுதுங்க: எந்த ப்ரோக்ராம் நடுவுல வந்துச்சு, உள்ள பேசுறது எந்த மாதிரி ஆளு, எந்த கட்சிக்காரர் பேர மரியாதையா சொல்றாங்க. மூணாவதுதான் தங்கம். ஒரு உதாரணம் சொல்றேன். 2024 செனட் (நாடாளுமன்ற மேல்சபை) தேர்தல்ல டெமாக்ரட் பாப் கேசி, மூணு தடவ ஜெயிச்சவரு, அப்பா இந்த மாநிலத்துக்கே கவர்னரா (நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி) இருந்தவரு. கடைசி நேரத்துல அவரு ஒரு விளம்பரம் விட்டாரு. புருஷன் பொண்டாட்டி, ஒருத்தர் டெமாக்ரட் இன்னொருத்தர் ரிபப்ளிகன். கேசி ஃப்ராக்கிங்க (பாறைய உடைச்சு எண்ணெய், கேஸ் எடுக்குறது) காப்பாத்த பைடன எதுத்தாரு, நாஃப்டாவ (கனடா, மெக்சிகோவோட இருந்த வர்த்தக ஒப்பந்தம்) முடிக்கவும் சைனா சாமானுக்கு வரி போடவும் டிரம்ப் பக்கம் நின்னாருன்னு அதுல வருது. என் மாமனார் பாத்துட்டு "ஓ, இவரு டிரம்ப் ஆளா?"ன்னாரு. இல்ல மாமா, எதிர்க்கட்சின்னேன். மனுஷன் கொஞ்ச நேரம் டிவியவே பாத்துட்டு "அப்ப இவருக்கு சொந்தக் கட்சி ஓட்டு பத்தலன்னு அர்த்தம்"ன்னாரு.

அவ்ளோதாங்க, அதுதான் படிக்கிற முறை. அந்த ஒரு விளம்பரத்துலயே டிரம்புக்கு போட்டுட்டு கீழ கேசிக்கு போடுற ஆள் எத்தன பேர் மிஞ்சுவாங்கன்னு அந்த டீம் தவிச்சது தெரிஞ்சுது. கடைசில ரிபப்ளிகன் டேவ் மெக்கார்மிக்கிட்ட சுமார் 15,000 ஓட்டுல தோத்தாரு. ரெண்டு வருஷம் முன்னாடி 2022ல நெலமை வேற, கவர்னருக்கு டெமாக்ரட் ஜாஷ் ஷபிரோ 15 பாயிண்ட் (சதவீத வித்தியாசம்) கிட்ட ஜெயிச்சாரு, அதே நாள் அதே கட்சில செனட்டுக்கு ஃபெட்டர்மன் 5 பாயிண்ட் கிட்டதான், அதாவது ஒரே ஓட்டுச்சீட்டுல ஆள் பாத்து பிரிச்சுப் போட்டவங்க லட்சக்கணக்குல இருந்தாங்க.

ப்ரோக்ராம் எதுக்கு எழுதணும்னா, சாயங்காலம் 7 மணிக்கு மேல ஜெப்பர்டி, வீல் ஆஃப் ஃபார்ச்சூன் மாதிரி கேம் ஷோ நடுவுல வர்ற விளம்பரம் பெரியவங்களுக்கு, பெரும்பாலும் மருந்து விலை, சோஷியல் செக்யூரிட்டி. ஈகிள்ஸ் (பிலடெல்ஃபியா ஃபுட்பால் டீம்) மேட்ச் நடுவுல வர்றது முக்கியமா ஆம்பளைங்களுக்கு. 2024ல "கமலா அவங்களுக்கு, டிரம்ப் உங்களுக்கு"ங்குற அர்த்தத்துல முடிஞ்ச டிரம்ப் விளம்பரம் ஃபுட்பால் நேரத்துல திரும்பத் திரும்ப ஓடுனது அதனாலதான். ஸ்பானிஷ் சேனல்ல என்ன ஓடுதுன்னும் அஞ்சு நிமிஷம் பாருங்க, மொழி புரியலன்னாலும் பரவால்ல. அலன்டவுன், ரெட்டிங், ஹேசல்டன்ல போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடும்பங்க அவ்ளோ பேர் இருக்காங்க, ஒரு கட்சி அந்த சேனல்ல திடீர்னு காசு கூட்டுனா அங்க ஏதோ நகருதுன்னு அர்த்தம்.

இப்ப பணம். இது நெறைய பேருக்கு தெரியாத விஷயம், அதனால நிதானமா சொல்றேன். ஒவ்வொரு டிவி ஸ்டேஷனும் யார் எந்த அரசியல் விளம்பரம் வாங்குனாங்கன்னு எஃப்.சி.சி (டிவி, ரேடியோவ கண்காணிக்கிற அரசு அமைப்பு) சைட்டுல பப்ளிக் ஃபைல்னு போட்டே ஆகணும், 2014 ஜூலைல இருந்து எல்லா ஸ்டேஷனுக்கும் இது ஆன்லைன்ல கட்டாயம், ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும், பாக்க காசும் இல்ல பாஸ்வேர்டும் இல்ல. உள்ள போய் ஸ்டேஷன் பேர தேடுங்க, எங்க லீஹை வேலில சேனல் 69 டபிள்யூ.எஃப்.எம்.இசட், பிலடெல்ஃபியால சேனல் 6 டபிள்யூ.பி.வி.ஐ. பொலிட்டிக்கல் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல வருஷம், அப்புறம் எந்தப் பதவி, அப்புறம் வேட்பாளர் பேர். வெளி அமைப்புகளுக்கு தனி ஃபோல்டர். பிடிஎஃப் தொறந்தா நம்ம மளிகைக்கட பில் மாதிரி வரிசையா இருக்கும்: எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எந்த ப்ரோக்ராம், எத்தன தடவ, ஒரு தடவைக்கு எவ்ளோ.

ரெண்டு பில்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, வேட்பாளர் ஒண்ணு, சூப்பர் பேக் ஒண்ணு, ஒரே ப்ரோக்ராம். பொதுத்தேர்தலுக்கு முந்துன 60 நாள்ல, ப்ரைமரின்னா (கட்சிக்குள்ள வேட்பாளர தேர்ந்தெடுக்குற தேர்தல்) 45 நாள்ல, வேட்பாளருக்கு அந்த ஸ்லாட்டுக்கு இருக்குறதுலயே கம்மி ரேட்டதான் ஸ்டேஷன் போடணும். சூப்பர் பேக்குக்கு அந்த சலுகை கிடையாது, கேட்ட விலைய குடுக்கணும். அதனால சூப்பர் பேக் 1 கோடி டாலர் செலவு பண்ணுச்சுன்னு நியூஸ்ல வந்தா அதே பணத்துக்கு வேட்பாளர் வாங்குற நேரம் அதுக்கு இல்ல. டாலர பாக்காம எத்தன ஸ்பாட்டுன்னு எண்ணுங்க, ஜி.ஆர்.பின்னு ஒரு கணக்கு சொல்வாங்க, 100 பாயிண்ட்னா அந்த ஏரியால ஒரு ஆள் சராசரியா ஒரு தடவ பாத்திருக்காருன்னு அர்த்தம், 1000னா பத்து தடவ.

இன்னொண்ணு, டிவி ஏரியாவும் மாநில எல்லையும் ஒண்ணு இல்ல. எங்க நார்த்தாம்ப்டன் பிலடெல்ஃபியா மார்க்கெட்டுல வருது. அதே மார்க்கெட்டுல தெற்கு நியூ ஜெர்சியும் டெலவேர்ல பெரும்பகுதியும் இருக்கு, அங்க இருக்குறவங்க இந்த மாநிலத்துல ஓட்டே போட முடியாது, ஆனா அவங்க கண்ணுக்கும் சேத்துதான் விளம்பரதாரர் காசு குடுக்குறாரு. ஈரி மார்க்கெட் சின்னது, விலையும் சின்னது, அதனால அங்க மக்கள் தலைல விளம்பரம் மழையா கொட்டும். ஒரு வாரம் பிலடெல்ஃபியாவ விட்டுட்டு வில்க்ஸ் பேரி ஸ்க்ரான்டன் மார்க்கெட்டுல ஸ்பாட் கூடுச்சுன்னா யார் மேல கவல வந்திருக்குன்னு புரியும். ஹுலு ரோக்கு மாதிரி ஸ்ட்ரீமிங்ல ஓடுறது மட்டும் இந்த ஃபைல்ல வராது, அத ஞாபகம் வெச்சுக்கோங்க.

விளம்பரத்தோட சக்திய ரொம்ப பெருசா நினைக்காதீங்க. 2006ல டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரியோட டீமே ஆராய்ச்சியாளர்கள வெச்சு எந்த ஊர்ல எந்த வாரம் விளம்பரம் ஓடணும்னு குலுக்கல் முறைல பிரிச்சு சோதிச்சாங்க, ஆதரவு நல்லாவே ஏறுச்சு, ஆனா ஒரு வாரத்துல பெரும்பகுதி கரைஞ்சு போச்சு. 2016ல ஹிலரி டிவில டிரம்ப விட ரொம்ப அதிகமா செலவு பண்ணாங்க, இந்த மாநிலம் கைய விட்டுப் போச்சு. அடியில வேர் நகரும்போது மேல தண்ணி ஊத்தி பிரயோஜனம் இல்ல.

வேர் நகருதான்னு பாக்க கவுண்டி ரிசல்ட்ட அடுத்தடுத்து வெச்சு பாக்கணும். மாநில மொத்தத்த பாத்தா ஒண்ணும் தெரியாது. லூசர்ன் கவுண்டி, வில்க்ஸ் பேரி இருக்குற பழைய நிலக்கரி ஊரு, 2012ல ஒபாமா ஜெயிச்சாரு, நாலே வருஷத்துல டிரம்ப் 19 பாயிண்டுக்கு மேல. அதே சமயம் பிலடெல்ஃபியா வெளிப்புறத்துல செஸ்டர் கவுண்டி, நெறைய படிச்ச ஐடி பார்மா ஜனங்க, 2012ல ரிபப்ளிகன் ராம்னி மயிரிழையில ஜெயிச்ச இடம், 2020ல பைடனுக்கு 17 பாயிண்ட். ஒரே மாநிலம், ரெண்டு பக்கமும் ஆள் மாறி மாறி நடந்து போயிருக்காங்க. பக்ஸ் கவுண்டி 2024ல மயிரிழையில டிரம்புக்கு போச்சு, 1988க்கு அப்புறம் ரிபப்ளிகன் அதிபர் வேட்பாளர் அங்க ஜெயிச்சது அதுதான் முதல் தடவ. எங்க நார்த்தாம்ப்டன் ஒபாமா, டிரம்ப், பைடன், டிரம்ப்னு ஒவ்வொரு தடவையும் ஜெயிச்சவர் பக்கம். எங்க தெருமுனைல ஒரு பெரியவர் இருக்காரு, பெத்லஹேம் ஸ்டீல்ல முப்பது வருஷம் வேல பாத்தவரு, 1995ல இங்க உருக்குற வேல நின்னப்ப கூட யூனியன் ஆளா டெமாக்ரட்டுக்குதான் போட்டாராம். இப்ப அந்த உலை இருந்த இடத்துல ஒரு பக்கம் கச்சேரி மேடை, இன்னொரு பக்கம் கேசினோ. "அந்த யூனியனே இல்ல, அப்புறம் அந்தக் கட்சி மட்டும் எப்படி அப்படியே இருக்கும்"னு எங்கிட்ட சொன்னாரு. அவரு சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்லாத விஷயமும் இருக்கு, ஆனா எந்த 30 செகண்ட் விளம்பரமும் அவர மாத்தல, முப்பது வருஷம் மாத்துச்சு.

கட்சிப் பதிவு நம்பரும் பாருங்க, ஆனா ஜாக்கிரதையா. இந்த மாநிலத்துல ஓட்டர் பதிவு பண்ணும்போதே கட்சி குறிக்கலாம், ப்ரைமரில அந்தந்தக் கட்சியில பதிஞ்சவங்கதான் அந்தந்தக் கட்சிக்கு ஓட்டு போட முடியும். 2008ல டெமாக்ரட் 12 லட்சம் பேர் அதிகமா இருந்தாங்க, 2024 தேர்தல் நேரத்துல அது 3 லட்சத்துக்கும் கீழ வந்துடுச்சு. பயங்கரமா தெரியுது இல்ல? ஆனா அதுல நெறைய பேர் பல வருஷமா மனசால போயிட்டு பேப்பர இப்பதான் மாத்துனவங்க, கல்யாணம் ஆகி வேற ஊரு போயும் ரேஷன் கார்டு பழைய வீட்லயே இருக்குற மாதிரி. அதுவும் இல்லாம ரொம்ப நாள் ஓட்டு போடாதவங்க பேர நீக்குறப்பவும் நம்பர் குறையும். அதனால மொத்தத்த விட்டுட்டு, எந்தக் கட்சில இருந்து எந்தக் கட்சிக்கு எத்தன பேர் மாறுனாங்கன்னு மாநில அரசு தனியா ஒரு பட்டியல் போடுது, கவுண்டி வாரியா, அத எடுங்க. எந்தக் கட்சியும் வேண்டாம்னு பதியுறவங்க எண்ணிக்கையையும் பாருங்க, விளம்பரக்காரங்க ராத்திரி தூங்காம யோசிக்கிறது அவங்கள பத்திதான்.

விளம்பரத்துல சொல்றது உண்மையான்னு பாக்க எனக்கு ஒரே ஒரு பழக்கம்: வீடியோ துண்டு காட்டுனா எந்த வருஷத்துது, அதுக்கு அப்புறம் என்ன சொன்னாங்கன்னு தேடுறது. 2024ல ஃப்ராக்கிங் தடை பண்ணணும்னு கமலா ஹாரிஸ் பேசுற துண்டு தெனம் ஓடுச்சு. அவங்க அப்படி சொன்னது நெஜம், 2019ல. 2020ல இருந்து தடை பண்ண மாட்டோம்னு சொன்னதும் நெஜம். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் நம்பலாமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஹாரிஸோட அம்மா சென்னைலருந்து வந்தவங்க, தாத்தா ஊரு துளசேந்திரபுரம்ங்குறதால நம்ம வாட்ஸப் க்ரூப்புல அத வெச்சே ஓட்டு கேட்டாங்க, அத வெச்சே திட்டவும் செஞ்சாங்க. ரெண்டுமே எனக்கு வருத்தமா இருந்துச்சு, ஏன்னா ஸ்கூல் வரி, இன்ஷூரன்ஸ், விசா பத்தி ஒருத்தரும் பேசல.

வீட்டு வாசல்ல குத்தி வெச்சிருக்குற போர்டு எண்ணி கணிக்காதீங்க. தபால் ஓட்டு யார் அதிகம் கேட்டாங்கன்னு பாத்தும் கணிக்காதீங்க, ஒரு கட்சி ஆளுங்க தபால்ல போடுவாங்க இன்னொரு கட்சி ஆளுங்க நேர்ல போவாங்க, அந்த உறைகள தேர்தல் அன்னிக்கு காலைல 7 மணிக்கு முன்னாடி இங்க பிரிக்கவே கூடாது, அதனால ராத்திரி முதல்ல வர்ற நம்பர் அப்புறம் ஆடும், அதுல பதற ஒண்ணும் இல்ல.

அடுத்தது 2026 நவம்பர் 3, கவர்னர் தேர்தல், கூடவே எங்க ஏழாவது டிஸ்ட்ரிக்ட் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சீட்டும். 2024ல அது ஒரு பாயிண்ட் அளவுலதான் டெமாக்ரட் கைல இருந்து போச்சு. கம்மி ரேட் ஆரம்பிக்கிறது செப்டம்பர் 4. அன்னிக்கு சாயங்காலம் சேனல் 69 ஃபைல தொறந்து முதல் பில்ல பாருங்க, ப்ரோக்ராம் பேர நோட்டுல எழுதுங்க, அதுக்கு முன்னாடி உங்க பேர் ஓட்டர் லிஸ்ட்டுல இருக்கான்னு பாருங்க, பதிவுக்கு கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்னாடி. என் மாமனார் ஊர்ல இருந்து போன வாரம் கூட போன்ல கேட்டாரு, "மாப்ள, இந்தத் தடவையாவது சின்னம் காட்டுறாங்களா?"