புதிதாக வந்த முரட்டு ஃபார்வர்டை எப்படி எடைபோடுவது?

நம் ஐஸ் ஹாக்கி அணி ஒரு முரட்டு ஃபார்வர்டை (முன்னால் நின்று தாக்கி ஆடுகிறவரை) வாங்கியிருக்கிறது என்ற செய்தி வந்ததும் எல்லாருடைய போனிலும் ஒரே மாதிரி வீடியோதான் ஓடும். யாரையோ ஆடுகளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியோடு சேர்த்து இடிப்பார், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டை போடுவார். அதை வைத்து அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று சொல்லவே முடியாது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இப்படி ஓர் ஆள் வந்தால் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: அவர் இடித்து ஐந்து விநாடி கழித்து பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) யாரிடம் இருக்கிறது?

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இடித்தபின் பக் நம் அணிக்கு வந்தால் முதல் பத்தியில் ஒரு கோடு. எதிரணியிடமே இருந்தால் இரண்டாவதில். இடிக்கப் போனதால் அவர் நிற்கவேண்டிய இடம் காலியாகி, அந்த வழியாகவே எதிரணி ஏறி வந்தால் மூன்றாவதில். என் தம்பி என்னோடு உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பான். "அக்கா, ஏழு ஹிட் அடிச்சிட்டான்!" என்று அவன் துள்ளும்போது, "அதில எத்தனை தடவை பக் எங்களுக்கு வந்தது?" என்று கேட்பேன். மூன்றாவது பத்தி நிரம்பிக்கொண்டே போனால் அந்த ஆள் அரங்கத்தைத்தான் குஷிப்படுத்துகிறார், அணிக்கு உதவவில்லை.

ஹிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏன் முடிவு கட்டக்கூடாது என்றால், பக் எதிரணியிடம் இருக்கும்போதுதான் நாம் இடிக்க முடியும். ஆட்டம் முழுக்க பக்கைத் துரத்திக்கொண்டே இருக்கும் அணிக்கு ஹிட் தானாகவே சேரும். இன்னொன்று, எது ஹிட், எது சும்மா உரசல் என்று தீர்மானிப்பது அந்தந்த அரங்கத்தில் உட்கார்ந்து குறிப்பவர்கள். சில ஊர்களில் தாராளமாகப் போடுவார்கள், சில ஊர்களில் கஞ்சத்தனம். அதனால் அவருடைய பழைய கணக்கைப் பார்க்கும்போது சொந்த அரங்கத்தில் எத்தனை, வெளியூரில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது ஃபோர்செக், அதாவது எதிரணியின் எல்லைக்குள்ளேயே போய் பக்கைப் பறிக்க நெருக்குவது. பக்கை எதிரணியின் மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்திப் போகும்போது முதல் ஆளாகப் போகிறவர் எந்தப் பக்கமாக வளைந்து வருகிறார் என்று பாருங்கள். நேர்கோட்டில் பாய்ந்தால் நல்ல டிஃபென்ஸ்மேன் (தற்காப்பு ஆட்டக்காரர்) ஒரு திரும்பு திரும்பித் தப்பித்துவிடுவார். விஷயம் தெரிந்தவர் உள்பக்கமிருந்து வளைந்து வந்து பாதி ஐஸை அடைத்துவிடுவார். ஸ்டிக்கின் பிளேடு தரையில் பாஸ் போகும் வழியை மறிக்கும், உடம்பு அதற்குப் பிறகுதான் போய் மோதும். ஸ்டிக்கை இடுப்பளவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு இடி கிடைக்கும், பக் கிடைக்காது.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் அவரை விட்டுவிட்டு எதிரணி டிஃபென்ஸ்மேனைப் பாருங்கள். பக்கை எடுக்கப் போகும்போது தோளுக்கு மேலாக எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறார்? ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடில், யாரும் பக்கத்தில் வராமலேயே பக்கை அவசரமாக போர்டு (ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) ஓரமாகச் சுழற்றி விடுகிறாரா? அப்படி விட்டால் நம் ஆள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அந்த அவசரப் பாஸ் அவர் பெயரில் எங்கேயும் பதிவாகாது. டிவியில் கேமரா பக்கோடு ஓடிவிடும் என்பதால் இதெல்லாம் பாதிதான் தெரியும். நேரில் போக முடிந்தால் வலைக்குப் பின்னால் மேல்தளத்தில் டிக்கெட் எடுங்கள்.

இனி வருவதுதான் பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது. எனக்கு இதுதான் மிக முக்கியம்: சொந்த எல்லைக்குள் போர்டு ஓரம். நம் டிஃபென்ஸ்மேன் வலைக்குப் பின்னாலிருந்து பக்கை போர்டு வழியாகச் சுழற்றி விடுகிறார். விங்கர் (ஓரமாக ஆடும் ஃபார்வர்ட்) அதைப் பாதி வழியில் வாங்கி வெளியே கொண்டுபோக வேண்டும். அதே நேரம் எதிரணி டிஃபென்ஸ்மேன் நம் எல்லை தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து அவர் மேல் பாய்ந்து வருகிறார். இங்கே நம் முரட்டு ஃபார்வர்ட் இடிக்கப் போவதில்லை, இடி வாங்கப் போகிறார். முதுகை போர்டில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி நின்று, இடி வருவது தெரிந்தே அரை விநாடி காத்திருந்து, நடுவில் வரும் சென்டருக்கு பக்கைத் தட்டிவிட வேண்டும். அது முடியாவிட்டால் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும்படியாவது வெளியே அனுப்ப வேண்டும். தவறினால் பக் நம் எல்லைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், நாற்பத்தைந்து விநாடியில் முடியவேண்டிய ஷிஃப்ட் (ஆள் மாற்றாமல் ஐஸில் ஆடும் நேரம்) ஒன்றரை நிமிடம் இழுக்கும், கால்கள் செத்துப்போகும், பிறகு கோல் விழும். பயிற்சியாளர் ஒருவரை மூன்றாவது பீரியடில் பெஞ்சிலேயே உட்கார வைத்தால் பலநேரம் காரணம் இதுதான். இந்த இடத்தில் பத்துக்கு எட்டுத் தடவை பக்கை வெளியேற்றுகிறவர் வாரம் முழுக்க ஒரு ஹிட்கூடப் போடாவிட்டாலும் அவரை வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

வலை முன்னால் நிற்கும்போது அவர் பாதங்களைப் பாருங்கள். கோல் காப்பாளரான கோலிக்குரிய நீலப் பகுதிக்கு வெளியே நின்றபடி கோலியின் பார்வையை மறைப்பது ஒரு கலை. குதிகால் உள்ளே போய் கோலியைத் தொட்டுவிட்டால் எதிரணிப் பயிற்சியாளர் மறுபரிசீலனை கேட்பார், போட்ட கோல் காணாமல் போகும். ஸ்டிக்கும் முக்கியம். டிஃபென்ஸ்மேனோடு தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்தாலும், ஷாட் வரும் நேரத்தில் பிளேடு தரையில் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கைத் திசை திருப்ப முடியும்.

பெனால்டியை மட்டும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பவர்பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும்போது, சுமார் ஐந்தில் ஒன்று கோலாகிறது. அதாவது இரண்டு நிமிடத் தண்டனை ஐந்து வாங்கினால் எதிரணிக்கு ஒரு கோல் கொடுத்த மாதிரி. ஆனால் இவர் தொல்லை தாங்காமல் எதிராளி வாங்கும் பெனால்டி நமக்கு வரவு. சீசனில் இருபது வாங்கி முப்பது வாங்கவைக்கிறவர் ஸ்கோர்ஷீட்டில் பெயர் வராமலே இரண்டு கோல் சம்பாதித்துத் தருகிறார். எதிரணி எல்லைக்குள், நம் வலையிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்று, கோபத்தில் ஸ்டிக்கால் ஒரு தட்டுத் தட்டிப் பெனால்டி வாங்குகிறவரை நான் மன்னிக்கமாட்டேன். சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருவருக்கும் ஐந்து ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு நாள் பார்ப்பது? இருபது, இருபத்தைந்து ஆட்டத்துக்கு முன்னால் கோல் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதுவரை, ஐந்துக்கு ஐந்து ஆடும்போது அவர் ஐஸில் இருந்தால் ஷாட் முயற்சிகளில் நம் பங்கு எவ்வளவு, அவர் இல்லாதபோது எவ்வளவு என்று பாருங்கள். லைனில் (ஒன்றாக இறங்கும் மூன்று ஃபார்வர்டுகள்) கூட ஆடுகிறவர்களின் பங்கு அவரோடு ஆடும்போது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது இன்னும் முக்கியம். ஒரு கோல் முன்னிலையில் கடைசி மூன்று நிமிடத்தில் பயிற்சியாளர் அவரை இறக்குகிறாரா என்றும் கவனியுங்கள்.

விலையும் வேலையும் பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. 2013இல் டொராண்டோ அணி டேவிட் கிளார்க்சனை ஏழு வருடத்துக்கு 3.675 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. நியூ ஜெர்சியில் 2011-12 சீசனில் அவர் 30 கோல் போட்டிருந்தார். அந்த ஒரு சீசனை அவருடைய வழக்கமான அளவாக எடுத்துக்கொண்டு கொடுத்த விலை அது. சீசன் தொடங்கும் முன்பே, ஒரு பயிற்சி ஆட்டத்தில் சண்டைக்காக பெஞ்சிலிருந்து குதித்து இறங்கியதற்குப் பத்து ஆட்டத் தடை. அந்த வருடம் 60 ஆட்டத்தில் 5 கோல். 2015 பிப்ரவரியில் கொலம்பஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் உழைக்காதவர் இல்லை. மூன்றாவது லைன் ஆளுக்கு முதல் லைன் சம்பளம் கொடுத்தது அவர் தப்பா?

எதிர்ப்பக்க உதாரணம் சாம் பென்னட். கல்கரியில் 2020-21 சீசனில் 38 ஆட்டத்தில் 12 புள்ளி (கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து). ஏப்ரலில் ஃபுளோரிடாவுக்கு வந்தார், நடுவில் சென்டராக ஆடவிட்டார்கள், பத்து ஆட்டத்தில் 15 புள்ளி. 2025 பிளேஆஃபில் 15 கோல் போட்டு, பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் கோப்பையையும் வாங்கினார். ஆள் அதேதான், கொடுத்த வேலைதான் வேறு. டாம்பா பே 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ இருவரையும் ஆளுக்கொரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையை (புதிய இளம் ஆட்டக்காரரை எடுக்கும் உரிமை) கொடுத்து வாங்கியபோது விலை அதிகம் என்று பலர் முணுமுணுத்தார்கள். யானி கோர்டோடு ஒரே லைனில் அவர்களைப் போட்டார்கள். 2020, 2021 இரண்டு வருடமும் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வந்தது. இருவரும் சண்டைக்கென்று வாங்கப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் இடித்த பிறகு பக் டாம்பாவிடம் இருந்தது.

மார்ச் மாதத்தில், ஆள் மாற்றிக்கொள்ளக் கெடு முடியும் நாளில் வாங்கிய ஆள் என்றால் இருபத்தைந்து ஆட்டம் பொறுக்க நேரமே இருக்காது. அப்போது அவர் பழைய அணியில் கடைசியாக ஆடிய மூன்று ஆட்டங்களை முழுசாகப் போட்டுப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம். அவர் தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டமாவது அதில் இருக்கட்டும். அந்தப் போர்டு ஓரத்தையும் மூன்று பத்திக் காகிதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டாலே போதும்.