காலை மங்கு மாறாமல் புதுத் தேயிலை பழகுவது எப்படி

தோட்டப்புற வீடுகளில் விடியற்காலைத் தேத்தண்ணி எழுதி வைக்காத கணக்கில்தான் நடக்கிறது. அதே தூள், அதே டின் பால், கை அளவு, கண் அளவு. இருட்டோடு செம்பனைத் தோட்டத்துக்கோ தொழிற்சாலை பஸ்ஸுக்கோ கிளம்புகிறவருக்கு அந்த மங்கு (குவளைத் தேநீர்) மாறக் கூடாது. புதுத் தேயிலை பழக நினைப்பவர்கள் சறுக்குவது அங்கேதான்: எடுத்த எடுப்பில் காலை மங்கிலேயே கை வைக்கிறார்கள். தூளையும் மாற்றி, பாலையும் குறைத்து, சீனியையும் நிறுத்தினால் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. புதுப் பொட்டலம் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும், அதன் மேல் பழியும் விழும்.

காலை மங்கை அப்படியே விடுங்கள். புதுத் தேயிலைக்குத் தனி நேரம், தனிப் பாத்திரம், தனி அளவு கொடுங்கள். இந்த மூன்றும் இருந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பா, பீடோர் மாதிரிச் சின்னப் பட்டணத்தில் இருந்துகொண்டே ஒரு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு வகைத் தேயிலையை நிதானமாகப் பழகிவிடலாம்.

பழையதை முதலில் அளந்து எழுதுங்கள்

புதியதை எதோடு ஒப்பிடுவது? தினமும் குடிப்பதோடுதான். ஆனால் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் அளவுகோலாகாது. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்று வாங்குங்கள். கரண்டியை நம்ப முடியாது. ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் வரை நிற்கும். அதே கரண்டியில் பெரிய இலைத் தேயிலை 1 கிராம்கூட ஏறாது.

இரண்டு மங்கு தே தாரேக்குக்கு (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) இந்த அளவில் தொடங்கலாம்: தூள் 12 கிராம், கொதிக்கிற தண்ணீர் 400 மி.லி., மூடி வைத்து 4 நிமிடம், துணி வடிகட்டியில் வடித்து, கெட்டிப்பால் இரண்டரை மேசைக்கரண்டி, ஐந்தாறு முறை இழுப்பு. உங்கள் வீட்டு ருசி இதிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறதோ, அந்த எண்ணை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தூளை அடுப்பில் போட்டுத் தொடர்ந்து கொதிக்க விட்டால் நிறம் ஏறும், மணம் போய்விடும். ஊற வைப்பதே நல்லது.

கெட்டிப்பால் டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பல டின்களில் ‘கிரிமெர் மானிஸ்’ (இனிப்புக் கிரீமர்) என்றிருக்கும். அதில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் செம்பனையிலிருந்து வருவது. பால்கொழுப்புள்ள டின்னிலிருந்து இதற்கு மாறினாலே தேநீரின் ருசி மாறும். தூள்தான் கெட்டுவிட்டது என்று தப்பாக நினைக்க இடமுண்டு.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பால் போட்ட தூள் தேநீரிலிருந்து நேரே ஜப்பானியப் பச்சைத் தேயிலைக்குத் தாவினால், நாக்குக்குப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ருசி ஒன்றுமே இருக்காது. பால் இல்லை, இனிப்பு இல்லை, சிவப்பு இல்லை, கெட்டி இல்லை. படிப்படியாகப் போனால் முந்தைய மங்கிலிருந்து ஏதாவது ஒன்று கூடவே வரும்.

முதல் படியில் தூளை மாற்ற வேண்டாம். வீட்டுத் தூளிலேயே பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் போடுங்கள். இங்கே பலரும் பால் தேநீருக்குப் போடுகிற அதே அளவைப் போட்டுவிடுகிறார்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மங்குக்கு 6 கிராம் போட்டாலும் பாலோடு இதமாக இருக்கிறது. பால் இல்லாமல் அதே 6 கிராம் நாக்கை இழுத்துவிடும். 200 மி.லி.க்கு 2 கிராம், 2 நிமிடம் போதும். இனிப்பு வேண்டுமென்றால் மங்கில் சீனி போடாமல் ஒரு பேரீச்சம்பழமோ சின்னக் கடலை மிட்டாய்த் துண்டோ கடித்துக்கொண்டு குடியுங்கள். தேயிலையின் ருசி தனியாகத் தெரியும், இனிப்பும் கிடைத்த மாதிரி இருக்கும்.

அடுத்து, அதே மண்ணின் இலைத் தேயிலை. 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ், ஹாபு தோட்டங்களும் பாரத் குழுமத்தின் கேமரன் வேலி தோட்டமும் கேமரன் மலையில்தான் இருக்கின்றன. தாப்பாவிலிருந்து மலைச்சாலை ஏறினால் போய்ச் சேரலாம். அங்கிருந்து தூளும் வருகிறது, இலையும் வருகிறது. இலைக்கு 200 மி.லி.க்கு 2.5 கிராம், கொதிநீர், 3 நிமிடம். தூள் பொடியாக இருப்பதால் நீர் படும் பரப்பு அதிகம், சட்டென்று இறங்கிவிடும். இலை மெதுவாகத்தான் விடும். நிறம் வரவில்லையே என்று ஆறேழு நிமிடம் விடாதீர்கள். நிறத்துக்கு முன்னால் கசப்பு வந்துவிடும்.

மலையில் குடித்தபோது இதமாக இருந்த தேயிலை வீட்டில் கடுக்கிறது என்று பலர் சொல்வார்கள். உயரமும் ஒரு காரணம். பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே 100 டிகிரி. வீட்டில் நேரத்தை அரை நிமிடம் குறைத்துப் பாருங்கள்.

மூன்றாவது படியில் கறுப்புத் தேயிலையிலேயே நின்று ஊரை மட்டும் மாற்றுங்கள். நீலகிரித் தேயிலை மணமானது, லேசானது, ஆறினாலும் பெரும்பாலும் கலங்காது. இலங்கையின் திம்புலாவில் நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை; ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, அப்போது அதில் குளிர்ச்சியான ஒரு மணம் ஏறும். அஸ்ஸாம் இலை கெட்டியானது, பாலையும் தாங்கும். தே தாரேக் பிரியர்களுக்கு மிக நெருங்கியது அதுதான். டார்ஜிலிங்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பறிப்பு வெளிர் மஞ்சளாகத்தான் இறங்கும். கறுப்பாக வரட்டும் என்று காத்திருந்தால் கெடுத்துவிடுவீர்கள். 90 டிகிரி நீரில் இரண்டரை நிமிடம். பால் வேண்டாம்.

லியூ பாவ்: பக்கத்துச் சீனர் கடையில் கிடைப்பது

இங்கே கொஞ்சம் நிற்கலாம். பேராக்கில் இருப்பவர்கள் தவறாமல் பழக வேண்டிய வெளித் தேயிலை இதுதான். சீனாவின் குவாங்சி மாநிலத்தில் விளைந்து, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் குடித்துப் பழகிய கருந்தேயிலை (பதப்படுத்திய பிறகு நொதிக்க விட்டு முதிர வைப்பது; கறுப்புத் தேயிலை வேறு). பழைய சீன மருந்துக் கடைகளிலும் தேயிலைக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். கந்தோனீஸ் பேசுகிறவர்களிடம் ‘லுக் போ’ என்று கேளுங்கள். நன்றாக முதிர்ந்த லியூ பாவின் மணத்தைச் சீனர்கள் ‘பாக்கு மணம்’ என்றுதான் புகழ்கிறார்கள். வெற்றிலை பாக்கு மணக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. நிறம் கறுஞ்சிவப்பு, துவர்ப்பு குறைவு. பால் தேநீர்க்காரர்கள் தேடும் கெட்டித்தன்மையும் இதில் உண்டு.

போடும் முறை: சின்ன மண் கெண்டியிலோ மூடியுள்ள பீங்கான் கிண்ணத்திலோ 120 மி.லி.க்கு 5 கிராம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி எண்ணிப் பத்து விநாடியில் கொட்டிவிடுங்கள். இரண்டு தடவை இப்படிக் கழுவ வேண்டும். பிறகு ஊற்றுவதுதான் குடிக்க: 15 விநாடி, அடுத்தது 20, அடுத்தது 30. ஏழெட்டுத் தடவை தாங்கும். கெண்டி இல்லாதவர்கள் தெர்மாஸில் கழுவிய இலை 4 கிராம் போட்டு, 500 மி.லி. கொதிநீர் ஊற்றி, முக்கால் மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மற்ற தேயிலைகளை இப்படிச் செய்தால் கசந்துவிடும். இது கசக்காது.

மழை நனைத்த மண், பழைய மரப்பெட்டி போன்ற வாசம் இதற்கு இயல்பு. புளித்த நாற்றமோ இலைமேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு மாதிரிப் பூத்ததோ இருந்தால் பூஞ்சைதான். கழுவிக் குடிக்கலாம் என்று பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் வாங்குவதற்கு முன் ருசி பார்க்க மலிவான வழி திம் சம் (சீனச் சிற்றுண்டி) கடை. உட்கார்ந்ததும் என்ன தேநீர் என்று கேட்பார்கள். ‘போ லே’ என்றால் இதே குடும்பத்துக் கருந்தேயிலை, ‘ஹியோங் பின்’ என்றால் மல்லிகை, ‘திட் குன் யாம்’ என்றால் ஊலோங் (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட வகை). கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் மறுபடி வெந்நீர் ஊற்றுவார்கள். இலையை உள்ளேயே ஊற விட்டுவிட்டுச் சாப்பிட்டு முடித்துக் குடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கசப்பாகத்தான் இருக்கும். வந்ததும் ஊற்றிக் குடியுங்கள்.

பச்சைக்குப் போகும்போது

மல்லிகையிலிருந்து தொடங்குங்கள். பச்சைத் தேயிலையை மல்லிகைப் பூவோடு வைத்து மணமேற்றுகிறார்கள். நமக்குத் தெரிந்த மணம் முன்னே வந்து வரவேற்கும். 200 மி.லி.க்கு 2.5 கிராம், 85 டிகிரி, 2 நிமிடம். அது பழகிய பிறகு சீனப் பச்சைத் தேயிலையான லோங்ஜிங் 3 கிராம், 80 டிகிரி, 2 நிமிடம். ஜப்பானியப் பச்சைத் தேயிலையான செஞ்சா கடைசி: 4 கிராம், 70 டிகிரி, ஒரு நிமிடம்.

வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரைக் குளிர்ந்த மங்கு ஒன்றில் ஊற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். அதிலிருந்து இன்னொரு மங்குக்கு ஊற்றினால் இன்னும் 10. செஞ்சாவுக்கு மூன்று மங்கு மாற்ற வேண்டும். ‘பச்சைத் தேயிலை கசப்பு’ என்று ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர் கொதிநீரை நேரே ஊற்றியவர்கள்தான்.

நாளும் அளவும்

வாரத்தில் இரண்டு சாயங்காலம் புதியதற்கு, மற்றதெல்லாம் பழையதற்கு. தடவைக்கு 3 கிராம் என்றால் நான்கு வாரத்தில் 24 கிராம். ஆகவே 25 கிராம் பொட்டலம் ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் வாங்காதீர்கள். 5 கிராம் பிடிக்கும் லியூ பாவ் மட்டும் 50 கிராம் வாங்கலாம். மலிவு விலை என்று 250 கிராம் வாங்கினால், நம் ஊர் ஈரக்காற்றில் பாதி தீர்வதற்குள் மீதி மணமிழந்துவிடும்.

நாசி லெமாக், சம்பால் சாப்பிட்ட வாயோடு ருசி பார்க்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது விடுங்கள். தேயிலை உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாமல் தடுக்கும், இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

ஒரு தேயிலையை மூன்று தடவை போட்டுப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். முதல் தடவை சொன்ன அளவுப்படி. கசந்தால் இரண்டாவது தடவை நேரத்தை மட்டும் குறையுங்கள், சப்பென்றிருந்தால் இலையை மட்டும் கூட்டுங்கள். மூன்றாவது தடவை நீரின் சூட்டை மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு தடவையும் சுடச்சுட ஒரு வாய், வெதுவெதுப்பாக ஒரு வாய் குடியுங்கள். குறைகள் வெதுவெதுப்பில்தான் வெளியே வரும்.

இரண்டு தேயிலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, தேயிலை ருசிப்பவர்களின் ஐ.எஸ்.ஓ. 3103 முறை உண்டு: 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். குடித்து ரசிக்க இல்லை, குறை கண்டுபிடிக்க. வீட்டுத் தூளையும் புதியதையும் ஒரே மாதிரிக் கிண்ணத்தில் இப்படிப் போட்டு, லேசானதை முதலில் ருசியுங்கள்.

எல்லாமே சப்பென்றிருந்தால் தண்ணீரைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் கொதித்த நீர் வேண்டாம். குளோரின் வாடை அடித்தால் மூடாத பாத்திரத்தில் இரவெல்லாம் வையுங்கள். சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பக்கத்துக் கிணற்று நீரில் தேநீர் மேல் எண்ணெய் மாதிரி ஏடு கட்டும். அது தேயிலையின் குற்றமில்லை, நீரில் உள்ள கால்சியம்.

டின்னும் அலமாரியும்

இறுக்கமான மூடியுள்ள, வெளிச்சம் புகாத டின். மசாலாத் தூள், கருவாடு, சோப்பு இருக்கும் அலமாரியில் வைத்தால் தேயிலை அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும். திறந்த பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும். கருந்தேயிலைக்கு மட்டும் கொஞ்சம் காற்று வேண்டும்: மண்சாடி, தளர்வான மூடி, தரையிலிருந்து உயர்ந்த தட்டு.

ஒரு புதுத் தேயிலை மிகவும் பிடித்துவிட்டாலும் உடனே காலை மங்குக்கு ஏற்றாதீர்கள். இரண்டாவது பொட்டலமும் தீரட்டும். அப்போதும் கை அதையே தேடினால், ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது போட்டு வீட்டாருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

மூன்று தடவையும் பிடிக்காமல் போனதையும் வீணாக்க வேண்டாம். கறுப்புத் தேயிலை என்றால் வீட்டுத் தூளில் கால் பங்கு கலந்து இஞ்சி தட்டிப் போட்டுத் தே ஹாலியாவாக்கிவிடலாம். பச்சை என்றால் ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 8 கிராம் போட்டு, குளிர்பெட்டியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்து வடியுங்கள். குளிர்ந்த நீர் கசப்பைக் குறைவாகத்தான் இழுக்கும். வடித்ததை மறுநாளுக்குள் குடித்துவிடுங்கள்.