ஒசைரிஸ் எந்தக் கப்பல்?

போன மாதம்தான் மேட்ரிக்ஸ் இரண்டாம் படத்தைப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே ஒசைரிஸ் என்ற கப்பல் கடைசியாக அனுப்பிய தகவலைப் பற்றிப் பேசுகிறார்கள். எந்தக் கப்பல்? எதையோ தவறவிட்டோம் என்று முதல் படத்தை மறுபடி ஓட்டினேன். இரண்டு மணி நேரம் தண்டம்!

சித்தி மகனிடம் புலம்பியபோது சிரித்தான். “அது அனிமேட்ரிக்ஸ்ல இருக்குண்ணா.” 2003-இல் இரண்டாம் படம், மூன்றாம் படம், 9 குறும்படங்கள் கொண்ட அனிமேட்ரிக்ஸ், ஒரு வீடியோ கேம் என்று ஒரே கதையை நான்காக நறுக்கி விற்றிருக்கிறார்கள். நல்ல வியாபாரம்.

சரி என்று நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் எழுதி, வெளிவந்த தேதியை விட்டுவிட்டு, கதையில் எது முன்னால் நடக்கிறதோ அந்த வரிசையில் தரையில் பரப்பினேன். முதல் படம், ஒசைரிஸ் குறும்படம், கேம், அப்புறம்தான் இரண்டாம் படம்.

குறும்படத்தைத் தாம்பரத்தில் ரயில் ஏறியதும் போனில் போட்டேன். கிண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதில் ஒருத்தி உயிரைக் கொடுத்து ஒரு பொட்டலத்தைத் தபால் பெட்டியில் போடுகிறாள். கேம் தொடங்குவதே அந்தப் பொட்டலத்தை எடுக்கப் போவதில்தான். எனக்கு விளையாட வராது. அதற்கென்றே நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகள் சுமார் ஒரு மணி நேரம் இருக்கின்றன; அவற்றை மட்டும் வீடியோவில் பார்த்துக்கொண்டேன்.

மனிதருக்கும் இயந்திரங்களுக்கும் போர் மூண்ட கதையைச் சொல்லும் இரண்டு குறும்படங்களை மட்டும் முதலில் பார்க்காதீர்கள். முதல் படத்தின் மர்மமே போய்விடும்.

மூன்றாம் படத்தின் தாளை அம்மா பால் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்.