டீ ஊறப்போட்ட ஜின்ல ஏர்ல் கிரே மார்டீனி: முதல் தடவை செய்றவங்களுக்கு

இது நியூயார்க் சரக்கு. 2005ல அங்க பெகு கிளப்னு ஒரு பார் திறந்த ஆட்ரி சாண்டர்ஸோட கைவண்ணம். பேரு மார்ட்டினிங்கிற காக்டெயில் மாதிரி இருந்தாலும் அடிப்படையில இது சவர், அதாவது புளிப்பு வகை தான், ஜின், எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவு தான் கணக்கு.

மொதல்ல ஜின்ன ரெடி பண்ணணும். 180 மில்லி லண்டன் ட்ரை ஜின்னுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஏர்ல் கிரே இலை, அதாவது பெர்கமாட்ங்கிற எலுமிச்சை வகைப் பழத்தோட எண்ணெய் வாசனை சேர்த்த கறுப்பு டீ. டஸ்ட் டீ வேணாங்க, அதுல சாறு சட்டுனு இறங்கி கசந்துடும், வடிகட்டினாலும் கலங்கலாவே நிக்கும். கண்ணாடி பாட்டில்ல ரெண்டையும் போட்டு மூடி, ஒரு குலுக்கு குலுக்கி ஃப்ரிட்ஜுக்கு வெளியிலயே வைங்க. சூடு பண்ணவே கூடாது, டீ வாசனையையும் அதுல இருக்க பெர்கமாட் எண்ணெயையும் ஆல்கஹாலே இழுத்துக்கும். ஆனா கூடவே துவர்ப்பும் இறங்கும், அதனால ராத்திரி முழுக்க ஊறட்டும்னு விட்டுறாதீங்க, 2 மணி நேரம் தான் உச்சம், நம்ம ஊரு வெயிலுக்கு 1 மணி நேரத்துலயே ஸ்பூன்ல எடுத்து ருசி பாக்க ஆரம்பிச்சிடுங்க. வாசனை மூக்குல ஏறி, நாக்கு ஓரத்துல லேசா துவர்ப்பு பிடிக்குது பாருங்க, அப்ப வடிகட்டிடணும். இலைய மட்டும் பிழியாதீங்க. தண்ணி மாதிரி இருந்த ஜின் இப்ப செம்பு நிறத்துல இருக்கும், பாக்கவே அவ்ளோ அழகு!

சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு கலந்து கரைச்சு ஆறவிட்டா பாகு ரெடி.

இப்ப ஷேக்கர்ல டீ ஜின் 45 மில்லி, எலுமிச்சை சாறு 22, பாகு 30, ஒரு முட்டையோட வெள்ளைக்கரு. முட்டையானு முகம் சுளிக்காதீங்க, நுரைக்காக மட்டும் போடல. டீல பால் ஊத்தினா துவர்ப்பு அடங்குதுல்ல, பால்ல இருக்க புரோட்டீன், துவர்ப்பு தர்ற டானினைப் பிடிச்சுக்குறதால தான், இங்க அந்த வேலைய வெள்ளைக்கரு பாக்குது. பச்சை முட்டை ஒத்துக்காதவங்களுக்கு இதைச் சேர்க்காதீங்க, கர்ப்பமா இருக்கவங்களுக்குக் கலந்து கொடுக்குற ஆல்கஹால் இல்லாத வெர்ஷன்லயும் வேணாம், அதுக்குப் பதிலா கொண்டைக்கடலை வேகவச்ச கெட்டித் தண்ணி 25 மில்லி ஊத்தினா நுரை வந்துடும்.

ஐஸ் போடாம மொதல்ல 20 செகண்ட் நல்லா குலுக்கணும், மூடிய அழுத்திப் பிடிச்சுக்கோங்க, ஐஸ் இல்லாதப்ப சட்டுனு கழண்டுக்கும். அப்புறம் நிறைய ஐஸ் போட்டு, ஷேக்கர் வெளிப்பக்கம் பனி பூக்குற வரைக்கும் இன்னொரு தடவை. ஃப்ரிட்ஜ்ல வச்ச கிளாஸ்ல டீ வடிகட்டி வழியா ஊத்தி, எலுமிச்சை தோல் ஒரு துண்ட மேல பிழிஞ்சு விடுங்க. நுரை பிரியறதுக்குள்ள குடிச்சிடணும்.

மிச்ச ஜின்ன ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஆனா டானிக் வாட்டரோட சேர்க்க வேணாம், அதுவே கசப்பு, டீ துவர்ப்பும் சேர்ந்தா தாங்காது, சோடாவும் கொஞ்சம் பாகும் போதும்.