வேதாகமத்தை வைத்துத் தமிழ் கற்பிப்பது: வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்கு

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு, அறிவியல் புத்தகங்கள் எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. இடறுவது தமிழில்தான். வெளிநாட்டிலிருந்து வாங்கும் பாடத்தொகுப்புகளில் தமிழ் இருக்காது. வீட்டு அலமாரியில் இருக்கும் தமிழ் வேதாகமமே வாசிப்பு, எழுத்து, இலக்கணம் மூன்றுக்கும் நல்ல பாடநூல். ஆனால் வரிசை முக்கியம். வரிசை தவறினால் பிள்ளைக்குத் தமிழும் கசக்கும், வேதமும் கசக்கும்.

எழுத்துக் கூட்டப் பழகும் பிள்ளையிடம் வேதாகமத்தைக் கொடுக்காதீர்கள். பொடி எழுத்தும் மெல்லிய தாளும் இரண்டு பத்தி அச்சும் கண்ணைக் குழப்பும். முதல் இரண்டு வகுப்புக்கான அரசுத் தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம்; அவற்றை முடித்துவிட்டு வாருங்கள். அதன்பிறகும் கொஞ்ச நாள் வசனங்களை 18 புள்ளி அளவில் அச்சடித்தோ, நோட்டில் பெரிதாக எழுதியோ கொடுப்பதுதான் நல்லது.

அடுத்தது எந்த மொழிபெயர்ப்பு என்ற கேள்வி. புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் இன்றும் ஒலிப்பது ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் தேவன் வானத்தையும் பூமியையும் ‘சிருஷ்டித்தார்’. 1995இல் வந்த, கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘படைத்தபொழுது’ என்று வருகிறது. கதையைப் புரிந்து வாசிக்கப் புதியதை வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாட வசனத்துக்கு மட்டும் உங்கள் சபையில் வாசிக்கும் பதிப்பையே பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒன்று, ஓய்வுநாள் பள்ளியில் இன்னொன்று என்றானால் பிள்ளை பாதி வசனத்தில் திக்கி நிற்கும்.

பழைய பதிப்பை வாசிக்கத் தொடங்க யோனா ஏற்றது. நான்கே அதிகாரம், 48 வசனம். நாளுக்கு நான்கு வசனம், வாரத்துக்கு நான்கு நாள் என்றால் மூன்று வாரத்தில் முடியும். பிறகு ரூத், அதன்பின் மாற்கு, சங்கீதம் 23, 121 என்று போகலாம். புதிய ஏற்பாட்டுக் கடிதங்களான நிருபங்களைப் பன்னிரண்டு வயதுவரை தள்ளிப்போடுங்கள். எச்சத்தின்மேல் எச்சமாக நீளும் அந்த வாக்கியங்களில், முடிவுக்கு வருமுன் எழுவாய் எது என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும்.

ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். முதலில் நீங்கள் சத்தமாக வாசியுங்கள், பிறகு பிள்ளை வாசிக்கட்டும். திக்கும் சொல்லைப் பென்சிலால் கோடிட்டுப் பிரியுங்கள். 23ஆம் சங்கீதத்தில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும் இடம் ‘நாமத்தினிமித்தம்’. நாமத்தின் / நிமித்தம் என்று பிரித்து, ‘பெயருக்காக’ என்று சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ‘மேய்ப்பராயிருக்கிறார்’ என்பதை மேய்ப்பர் / ஆய் / இருக்கிறார் என்று மூன்றாக வெட்டுங்கள்.

பிரிக்கத் தெரிந்தாலும் பொருள் தவறலாம். ‘தாழ்ச்சியடையேன்’, ‘பயப்படேன்’ இரண்டும் எதிர்மறை: தாழ்ச்சியடைய மாட்டேன், பயப்பட மாட்டேன். ஆனால் வீட்டில் ‘சொல்லேன்’, ‘வாயேன்’ என்று கெஞ்சலாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது எதிர்மறையாகப் படாது. சரளமாக ஒப்பிக்கும் பிள்ளைகூடப் பொருளைத் தலைகீழாக வைத்திருக்கும். ஆகவே ஒப்பித்ததும், ‘இதை உன் பேச்சில் சொல்லு’ என்று கேளுங்கள். அங்கேதான் உண்மை தெரியும்.

பொருள் நகர்ந்துபோன சொற்களுக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள். ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்’ என்று பேதுரு எழுதுவதைப் படிக்கும் பிள்ளைக்குக் காவல் நிலைய விசாரணை நினைவுக்கு வரும். அங்கே பொருள் அக்கறையோடு கவனித்துக்கொள்கிறவர் என்பது. யோவான் 3:16இன் ‘கெட்டுப்போகாமல்’ என்பதும் ஊசிப்போன சோற்றைப் பற்றியதல்ல, அழிந்துபோகாமல் என்பது. ஒரு பக்கத்தில் வசனச் சொல், எதிர்ப்பக்கத்தில் இன்றைய சொல், கீழே பிள்ளையே எழுதும் ஒரு வாக்கியம். வாரத்துக்கு ஐந்து சொல் போதும்.

வாரத்துக்கு இரண்டு வசனத்தைச் சொல்லச் சொல்ல எழுத வையுங்கள். ல, ள, ழ பிழையும் ர, ற பிழையும் இதில்தான் வெளியே வரும். இலக்கணமும் இங்கேயே இருக்கிறது: ‘என்னைப் புல்லுள்ள’ என்பதில் ஐ உருபுக்குப் பின் ப் மிகுகிறது, ‘பொல்லாப்புக்குப் பயப்படேன்’ என்பதில் கு உருபுக்குப் பின். விதியை முதலில் சொல்லாமல், இரண்டையும் அருகருகே எழுதிப் பிள்ளையையே கண்டுபிடிக்க விடுங்கள். அப்படிக் கண்டுபிடித்தது மறக்காது.

இதையெல்லாம் குடும்ப ஜெபத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஜெப வேளையில் வாசிக்கும் பிள்ளையை நிறுத்தி ழகரத்தைத் திருத்தினால், அடுத்த நாள் அது வாய் திறக்காது. பாடம் காலையில் மேசையில். ஜெபத்தில் பிழையோடு வாசித்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் கட்டுரையில் வரும். வேதாகமத் தமிழில் ஊறிய பிள்ளை ‘நான் கடைக்குப் பிரயாணப்பட்டேன்’ என்று எழுதும். தேர்வில் இது செல்லாது. பத்து வயதிலிருந்து வாரம் ஒரு நாளாவது செய்தித்தாள் அல்லது சிறுவர் இதழ் வாசிப்பு இருக்கட்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தேர்ச்சிக்கு ஐந்து பாடம். அதில் ஒன்றாகத் தமிழை எடுக்கலாம். சேர்வதற்கு ஓராண்டு முன்பே அவர்களுடைய தமிழ்ப் பாடநூலைத் தொடங்கிவிடுங்கள்.

பன்னிரண்டு வயதுக்குமேல் கிறிஸ்தவத் தமிழின் பெரிய வீட்டுக்குள் கூட்டிப்போகலாம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை சிரித்துக்கொண்டே வாசிக்க நல்லது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879) நீளமானது, ஆனால் கிளைக்கதைகளைத் தனித்தனியாக எடுத்து வாசிக்கலாம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) செய்யுள் என்பதால், மூலக்கதையான ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தை முதலில் உரைநடையில் முடித்துவிட்டு வருவது நல்லது. கதை தெரிந்தால் செய்யுள் பாதி இளகிவிடும். வாங்குமுன் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். சீர்கள் சந்தி பிரித்து அச்சிடப்பட்டு, அருஞ்சொற்பொருளும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் வாரம் இரண்டே செய்யுள் என்று வைத்து, முந்தின இரவே நீங்கள் பிரித்தெழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.